எங்கள் வீட்டுச் சோபாவில் ஒரு தளபதி

அவனுடைய பெயரை நான் இதில் எழுதப்போவதில்லை. மசிடோனியாவில் குதிரை ஏறி, பாரசீகத்தை விழுங்கி, சிந்து நதியைத் தாண்டி வந்துவிட்டுத் திரும்பிப் போனானே, அவனைத்தான் சொல்கிறேன். போன இடமெல்லாம் தன் பெயரில் ஊர் கட்டி வைத்தவன். என் தாளிலும் அவனுக்கு ஓர் இடம் எதற்கு?

அவன் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு இலையுதிர்காலத்தில். அப்போது நாங்கள் நோர்வேயில், குரோருட் என்ற புறநகரில், டி-பானே என்கிற நகர ரயிலின் நிலையத்துக்கு மேலே உள்ள அடுக்குமாடி ஒன்றில் இருந்தோம். அவனைக் கூட்டிவந்தவர் என் கணவரின் நண்பர். எண்பதுகளில் இரண்டு பேரும் நாட்டின் வடகோடியில், பாட்ஸ்பியோர்டில், ஒரே மீன் தொழிற்சாலையில், பக்கத்துப் பக்கத்தில் நின்று மீன் வெட்டியவர்கள். நான் கலியாணம் முடித்து நோர்வேக்கு வந்த அன்று, விமான நிலையத்தில் தன் குளிர் அங்கியைக் கழற்றி என் தோளில் போட்டவர் அவர். எங்கள் முதல் சோபாவை ஸ்ட்ரோம்மனில் வாங்கி, மின்தூக்கிக்குள் அடங்காமல் போக, முதுகில் வைத்து மாடி ஏற்றியவரும் அவர்தான். நல்ல மனிதர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல மனிதர் என்பதால்தான் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அவரை நேரில் அண்ணை என்று கூப்பிடுவேன். முதுகுக்குப் பின்னால் தளபதி. துவக்கைக் கையால் தொட்டுப் பார்த்தவர் அல்லர். ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஆனால் போர் என்று அச்சில் வந்த எதையும் விட்டுவைக்க மாட்டார். ஊரில் சண்டை உக்கிரமாகத் தொடங்கிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் ஒரு பெரிய வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்துவிடுவார். பின்னால் இன்னும் நாலைந்து ஆண்கள் வருவார்கள். வன்னியை எங்கள் கோப்பி மேசையில் விரிப்பார்கள். ஒவ்வொரு கிழமையும் ஓர் ஊர் கைவிட்டுப் போயிருக்கும். ஒவ்வொரு கிழமையும் தளபதியிடம் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

"தங்கச்சி, அந்தத் தட்டை இஞ்சாலை ஒருக்கா வையுங்கோ" என்பார். நான் பொரித்த வடையும் ரோல்ஸும் போர்க்களத்துக்குப் போய்விடும்.

"இந்த வடை முழுக்கப் பாரசீகக்காரன். எண்ணேலாத படை. தேர்ச் சில்லிலை அரிவாள் கட்டி வைச்சிருக்கிறான். இந்த ரோல்ஸ் எங்கடை ஆள். கொஞ்சப் பேர்தான். என்ன செய்தான் தெரியுமோ? நேரை போய் முட்டேல்லை. சரிஞ்சு சரிஞ்சு வலப்பக்கமாப் போறான். இவன் ஏன் உங்காலை போறான் எண்டு பயந்து பாரசீகக்காரன்ரை குதிரைப்படையும் இழுபட்டுக்கொண்டு பின்னாலை போகுது. போக, நடுவிலை ஒரு இடைவெளி விழுது. இந்தா, இதிலை! அவ்வளவுதான். திரும்பினான், ஆப்பு அடிச்ச மாதிரி நடுவுக்குள்ளை பூந்தான். பாரசீக ராசா தேரைத் திருப்பிக்கொண்டு ஓட்டம்."

உள்ளதைச் சொல்ல வேண்டும். அவர் சொன்னால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். நானும் குசினி வாசலில் கரண்டியோடு நின்று கேட்டிருக்கிறேன். இன்னொரு நாள் யானைப்படைக்கு எதிரே, ஆற்றங்கரையில் இரவிரவாக மேலும் கீழும் ஆரவாரம் செய்து, எதிரி அலுத்துப்போய்ச் சட்டை செய்யாமல் விட்ட பிறகு, கொட்டும் மழையில் தூரத்தில் ஒரு வளைவால் ஆற்றைக் கடந்த கதையைச் சொன்னார். அன்றைக்குத் தேநீர் ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

கதை முடிந்ததும் வரைபடத்தைத் தட்டிக் காட்டுவார்.

"இப்ப விளங்குதோ? எங்கடை ஆக்கள் விட்டுட்டு ஓடேல்லை. இழுக்கினம். உள்ளுக்கை வர விட்டு, இழுபட விட்டு, நடுவிலை ஒரு அடி. பாத்துக்கொண்டிருங்கோ."

அறை முழுக்க ஒரு பெருமூச்சு வரும். ஆண்கள் சோபாவில் சாய்வார்கள். பிறகு பாரசீகப் படையைச் சட்னியில் தொட்டுச் சாப்பிடுவார்கள்.

எனக்கு மட்டும் அந்தப் பெருமூச்சு வரவில்லை. என் ஒரே தங்கை, அவள் கணவர், ஒரு மகன், ஒரு மகள், நாலு பேரும் அந்த வரைபடத்துக்குள் இருந்தார்கள். ஊர் விட்டு ஊர் இடம்பெயர்ந்து, கடைசியாகக் கடற்கரைப் பக்கம் தறப்பாளால் கூடாரம் கட்டி இருப்பதாகச் சொல்லியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ தேநீர்க் கோப்பையை அவள் இருந்த இடத்தின் மேல் வைத்துவிட்டார்கள். நான் போய் அதைத் தூக்கினேன்.

"இதிலை என்ரை தங்கச்சி இருக்கிறாள்" என்றேன்.

சிரித்தார்கள். பகிடி விடுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். கோதாரி விழுந்த சிரிப்பு.

அடுத்த நாள் வேலை முடிந்து வரும் வழியில் நூலகத்துக்குப் போனேன். அந்த அரசனைப் பற்றி உள்ளதில் தடித்த புத்தகத்தைக் கேட்டேன். நூலகத்துப் பெண் எடுத்துத் தந்துவிட்டு, பிள்ளையின் பாடத்துக்கா என்று நோர்வேஜிய மொழியில் விசாரித்தாள். "இல்லை, எனக்குத்தான். வீட்டில் ஒரு சண்டைக்கு வேண்டும்" என்றேன். அவளும் சிரித்தாள். ஆனால் அவள் நான் சொன்னதை நம்பிச் சிரித்தாள்.

டி-பானேயில் போகவர அதை வாசித்தேன். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தேன். சின்ன வயதில் அவன், யாருக்கும் அடங்காத ஒரு குதிரையை அடக்கினான். அது தன் நிழலைக் கண்டுதான் மிரளுகிறது என்று கண்டுபிடித்து, அதைச் சூரியனைப் பார்க்கத் திருப்பிவிட்டு ஏறினானாம். அந்த இடத்தில் எனக்கு அவனைப் பிடித்துத்தான் இருந்தது. இப்படி ஒரு பொடியன் என் சொந்தத்தில் இருந்தால் தலையில் தூக்கி வைத்திருப்போம். பிறகு தகப்பனைக் கொன்றார்கள், இருபது வயதில் அரசனானான், அதன்பின் நின்ற இடத்தில் நிற்கவில்லை. முப்பத்திரண்டு வயதில் பாபிலோனில் காய்ச்சலில் கிடந்து செத்துப்போனான். இவ்வளவு ஓட்டமும் எதற்கடா என்று எனக்குப் பக்கத்தில் இருந்த நோர்வேஜியக் கிழவருக்கே கேட்கும்படி சொன்னேன்.

வாசிக்க வாசிக்க ஒன்று உறைத்தது. எங்கள் தளபதி பொய் சொல்லவில்லை. அணிவகுப்பும், இடைவெளியும், ஆப்பும் எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் எங்களை அவர் ஏற்றி வைத்த குதிரைதான் பிழை. அந்தச் சமவெளியைத் தேடிப் பிடித்து, மேடு பள்ளம் திருத்தி, தேர் ஓட வசதி செய்துவிட்டு, "வரட்டும், இதற்குள் வரட்டும்" என்று காத்துக்கொண்டு நின்றவன் பாரசீக அரசன். காத்துக்கொண்டு நின்றவன்தான் ஓடினான்.

இன்னும் சில பக்கம் தள்ளித் தீரு என்று ஒரு நகரம் வந்தது. கடலுக்குள் தீவாக இருந்த நகரம். கடல் இருக்கும்வரை எங்களை யார் தொடுவது என்று அங்கிருந்தவர்கள் நம்பினார்கள். அவன் என்ன செய்தான்? கரையில் இருந்த பழைய ஊரை இடித்து, அந்தக் கல்லையும் மண்ணையும் கடலில் கொட்டி, மாதக்கணக்கில் கொட்டி, நடந்து போக ஒரு பாதை போட்டான். பாதை நாளுக்கு நாள் கிட்ட வந்துகொண்டிருந்ததை மதிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நகரம் விழுந்ததும் ஆயிரக்கணக்கில் வெட்டினான், மிஞ்சினவர்களை அடிமைகளாக விற்றான். நடுவில் ஒரு வரி இருந்தது. முற்றுகை இறுகுவதற்கு முன்னரே பெண்களிலும் பிள்ளைகளிலும் சிலரைக் கப்பலேற்றி வேறு நாட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அவ்வளவு தடித்த புத்தகத்தில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வரி. நான் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இறங்க வேண்டிய நிலையம் போய்விட்டது.

அந்தக் குளிர்காலத்தின் கடைசியில்தான் தங்கையின் அழைப்பு வந்தது. நான் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆப்பிள் வெட்டிக்கொண்டிருந்த நேரம். அவள் பேசியது ஏதோ கடையில் இருந்த செய்மதித் தொலைபேசியில்.

"அக்கா, கனநேரம் கதைக்கேலாது. பின்னாலை சனம் வரிசையிலை நிக்குது."

"சொல்லு, சொல்லு."

"கொஞ்சச் சனம் களப்புத் தண்ணிக்குள்ளாலை அங்காலை ஆமிப் பக்கம் போகுது. போறதோ நிக்கிறதோ எண்டு தெரியேல்லை. இவருக்கும் ஒண்டும் விளங்கேல்லை. உங்கை என்ன சொல்லினம்?"

நான் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"பக்கத்துத் தறப்பாள் அண்ணைக்கு நோர்வேயிலை இருந்து தம்பி சொன்னவராம். இது ஒரு பொறியாம். உள்ளுக்கை விட்டு அடிக்கப்போகினமாம். ஒருத்தரும் அவசரப்பட்டு அசையாதையுங்கோ எண்டவராம். எங்கடை தறப்பாள் வரிசையிலை கனபேர் அதைக் கேட்டுத்தான் நிக்கினம்."

"எந்தத் தம்பி?"

"அத்தானோடை மீன் வெட்டினவராமே."

ஐயோ கடவுளே என்று சுவரில் சாய்ந்தேன். அதுவரைக்கும் அது எங்கள் வீட்டுப் பொழுதுபோக்கு என்றுதான் நினைத்திருந்தேன். ஆண்கள் மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள், தேற்றட்டும் என்று வடை பொரித்துக் கொடுத்தேன். என் சோபாவில் இருந்து கிளம்பிய தந்திரம் தொலைபேசியில் ஏறிக் கடல் தாண்டி, என் தங்கையின் தறப்பாளுக்குப் பக்கத்தில் போய்க் குந்தியிருக்கிறது என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

"பிள்ளையள் நடப்பினமோ?" என்றேன்.

"பெரியவன் நடப்பான். சின்னவளைத் தூக்கோணும்."

"அப்ப தூக்கிக்கொண்டு வெளிக்கிடு. இண்டைக்கே வெளிக்கிடு."

"சுடுபடுதாம் அக்கா. ரெண்டு பக்கத்தாலையும்."

"தெரியும்."

"ஏதும் நடந்தால்?"

"நடந்தால் என்னைத் திட்டு. நடக்காட்டிலும் திட்டு. ஒருத்தன்ரை கதையையும் கேளாதை. வெளிக்கிடு."

தொடர்பு அறுந்துவிட்டது. ஆப்பிளுக்குக் காத்திருந்த ஒரு குட்டிப் பையன் ஏன் அழுகிறாய் என்று கேட்டான். வெங்காயம் என்றேன். "அது ஆப்பிள்" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வடை பொரிக்கவில்லை. புத்தகத்தைத்தான் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். தளபதி அப்போதுதான் வரைபடத்தை விரித்துக்கொண்டிருந்தார். அதில் எங்கள் பக்கம் என்று காட்ட ஒரு கை அகலம்கூட மிச்சம் இல்லை.

"அண்ணை, நீங்கள் எப்பவும் எங்களை அவன்ரை குதிரையிலை ஏத்தி வைக்கிறியள். நானும் வாசிச்சனான். வரட்டும் எண்டு காத்துக்கொண்டு நிண்டது மற்ற ராசா. தோத்ததும் அவன்தான். எங்கடை சனம் இருக்கிறது தீருவிலை. அந்தக் கதையை ஏன் ஒருநாளும் சொல்லேல்லை?"

"தங்கச்சி, அதுவும் இதுவும் ஒண்டில்லை. உதுகள் ஆழமான விசயம்..."

"ஏன் ஒண்டில்லை? பின்னாலை கடல். முன்னாலை நாளுக்கு நாள் கிட்ட வருகினம். நடுவிலை சனம். வேறை என்ன வேணும் உங்களுக்கு?"

"இஞ்சரும், நீர் கொஞ்சம் உள்ளை போம்" என்றார் என் கணவர்.

"போகமாட்டன். இது என்ரை வீடு, என்ரை மேசை. அண்ணை, நீங்கள் இதைப் போன் எடுத்து அங்கையும் சொல்லியிருக்கிறியள். உங்கடை அண்ணையிட்டைச் சொல்லியிருக்கிறியள். அதைக் கேட்டு அந்தத் தறப்பாள் வரிசையிலை இருக்கிற சனமெல்லாம் நிக்குது. இப்ப, எங்களுக்கு முன்னாலை, திருப்பிச் சொல்லுங்கோ. வெளிக்கிடச் சொல்லுங்கோ."

அவருடைய முகம் கறுத்தது.

"நான் ஏன் சொல்லோணும்?" என்றார். "இன்னும் ஒரு கிழமை பொறுங்கோ. எல்லாம் மாறும். இந்த நேரத்திலை சனம் வெளிக்கிட்டால் எல்லாம் குழம்பும். உங்களுக்கு உது விளங்காது."

"நான் என்ரை தங்கச்சியை வெளிக்கிடச் சொல்லிப்போட்டன்."

அப்போதுதான் அறை வெடித்தது. ஒருவர் எழுந்து, இது காட்டிக்கொடுக்கிற வேலை என்றார். இன்னொருவர் என் கணவரைப் பார்த்து, "உம்மடை மனிசியை அடக்கி வையும்" என்றார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். தளபதி வரைபடத்தைச் சுருட்டினார். வாசலில் சப்பாத்து மாட்டும்போது என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதன் பிறகு எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை நின்றுபோனது. கதை குரோருட்டைத் தாண்டியும் போனது. தமிழ்க்கடையில் நான் போனால் பேச்சு நிற்கும். கோவிலில் எனக்குப் பக்கத்தில் எப்போதும் உட்காருகிற பெண் மற்றப் பக்கம் போய் உட்கார்ந்தாள். நான் எங்கும் போகாமல் விடவில்லை. கடைக்குப் போனேன், முருங்கைக்காயை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்து எடுத்தேன், வேண்டுமென்றே நேரம் எடுத்தேன். பாராளுமன்றத்துக்கு முன்னால் சனம் கூடி, சண்டையை நிறுத்து என்று குளிரில் கத்தியபோது நானும் போய்க் கத்தினேன். நீ ஏன் வந்தாய் என்று ஒரு பெண் முகத்துக்கு நேரே கேட்டாள். "உன்னைவிடத் தொண்டை எனக்குப் பெரிசு, அதுதான்" என்றேன். உள்ளே இருந்தது என் சனம். அவர்களுக்காகக் கத்த நான் எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

ஆனால் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் வேறு கதை. தங்கையிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. களப்பில் போனவர்கள் மேல் செல் குண்டு விழுந்ததாகச் செய்தி வரும். அவளா, அவளில்லையா என்று தெரியாது. போகச் சொன்னது நான். வேறு யாரும் இல்லை, நான். என் கணவர் என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார். ஒருநாள் மட்டும், "ஏதும் நடந்திருந்தால் என்ன செய்வீர்?" என்று கேட்டார். "நடந்திருந்தால் அதோடை இருப்பன். நிண்டு சாகச் சொல்லிப்போட்டு இருக்கிறதைவிட அது மேல்" என்றேன்.

வசந்தம் வந்து பனி கரையத் தொடங்கிய பிறகு ஒரு முகாமில் இருந்து அழைத்தாள். நாலு பேரும் உயிரோடு இருந்தார்கள். கழுத்தளவு தண்ணீரில், சின்னவளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்ததாகச் சொன்னாள். அவள் கணவருக்குக் காலில் காயம். நான் தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினி நிலத்தில் குந்தியிருந்து குளறி அழுதேன். என் கணவரும் பக்கத்தில் வந்து இருந்தார். அன்றைக்குத்தான் அவர் அழுது கண்டேன்.

இரண்டாவது முறை அழைத்தபோது பக்கத்துத் தறப்பாளைப் பற்றிக் கேட்டேன். தங்கை சொன்னாள். அவர்களும் பை எல்லாம் கட்டிக்கொண்டு களப்புக் கரை வரைக்கும் கூட வந்தார்களாம். தண்ணீரைக் கண்டதும் அந்த அண்ணன் நின்றுவிட்டார். இன்னும் ஒரு கிழமை பொறுத்துப் பார்க்கும்படி தம்பி சொன்னவர், அவர் தெரியாமல் சொல்லமாட்டார் என்றாராம். அவருடைய மூத்த மகள், தன்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி, என் தங்கையின் கையை விடவில்லை. தகப்பன் வந்து விரல்களைப் பிரித்து, பையை வாங்கிக்கொண்டு, பிள்ளையைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனாராம். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் ஒருவரையும் எந்த முகாமிலும் யாரும் காணவில்லை.

நானாகப் போய் இதைத் தளபதியிடம் சொல்லவில்லை. என் கணவர் வேண்டாம் என்றார். மே மாதத்தில் எல்லாம் முடிந்துபோயிற்று.

பள்ளிக்கூடங்கள் விடுமுறை விட்ட நாட்களில் ஒரு சாயங்காலம் அவரே வந்தார். வெயில் இறங்காத நேரம். கையில் வரைபடம் இல்லை. வயது போன மனிதர் மாதிரி வாசலில் நின்றார். உள்ளே வாருங்கோ என்றேன், வந்தார். தேநீர் போடட்டுமா என்றேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். சோபாவில் இருக்காமல் சாப்பாட்டு மேசைக் கதிரையின் நுனியில் இருந்தார்.

"உங்கடை ஆக்கள் வந்திட்டினம் எண்டு கேள்விப்பட்டன். சந்தோசம், தங்கச்சி."

"ஓம் அண்ணை."

"அண்ணையாக்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. எல்லா இடமும் கேட்டுப் பாத்திட்டன். உங்கடை தங்கச்சி பக்கத்திலைதானே இருந்தவ. ஒருக்காக் கேட்டுச் சொல்லுவியளோ?"

என் கணவர் அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்று கண்ணால் சாடை காட்டினார், தெரியாது என்று சொல்லு என்று. அவ்வளவு மாதமும் இந்த மனிதருக்குச் சொல்ல என்று நான் சேர்த்து வைத்திருந்த வசவுகள் இருந்தன. ஒன்றும் வாயில் வரவில்லை. ஆனால் பொய்யும் வரவில்லை. இந்த மனிதரைத் தேற்றி அனுப்பினால், நாளைக்கு இன்னொரு மேசையில் இன்னொரு வரைபடத்தை விரித்துவிடுவார் என்று எனக்குப் பட்டது. பொய்யால் தேற்றித் தேற்றித்தானே இவ்வளவும் நடந்தது.

சொன்னேன். பை கட்டினதில் இருந்து, களப்புக் கரை, திரும்பிப் போனது எல்லாவற்றையும் சொன்னேன். மகளைப் பற்றி மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

அவர் அந்த இடத்தில்தான் பிடித்தார்.

"பெட்டை தானாக் கேட்டவளோ, தன்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு?"

என் கணவர் வந்து என் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"ஓம் அண்ணை" என்றேன். "'சித்தப்பா பொறுக்கச் சொல்லிப்போட்டார்' எண்டு சொல்லித்தான் அவளை மறிச்சவை."